வீடு திரும்ப 41 மணித்தியாலங்கள்

வெளிநாட்டுப் பயணம் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஒரு வழக்கத்தைக் காணலாம். விசா எடுத்த கதை விரிவாக வரும். பார்த்த இடங்கள், உண்ட உணவு, சந்தித்த பழைய நண்பர்கள் எல்லாம் ஒழுங்காக வரும். இறுதியில் ‘இனிய நினைவுகளுடன் நாடு திரும்பினோம்’ என்ற ஒரு வரியுடன் கட்டுரை முடிந்துவிடும். பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில் அந்த வரியை எத்தனையோ தடவைகள் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த ஒற்றை வரிக்குள் மறைந்துபோகும் பயணத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

2023 ஓகஸ்ட் மாதம் தொடங்கி ஆறு வாரங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் எனது மூத்த அக்காவின் வீட்டில் தங்கியிருந்தேன். செப்டெம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை 10 மணிக்கு அவருடைய வாசலிலிருந்து புறப்பட்டவன், சனிக்கிழமை நண்பகல் 12.30 மணிக்கு யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்தேன். இரு நாடுகளுக்கும் இடையிலான ஒன்பதரை மணித்தியால வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் 41 மணித்தியாலங்கள். ரொறன்ரோவிலிருந்து டுபாய்க்கு ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் மணித்தியாலம். அங்கே பத்து மணித்தியாலக் காத்திருப்பு. டுபாயிலிருந்து கட்டுநாயக்காவுக்கு நாலரை மணித்தியாலம். பின்னர் தரைவழியாக ஏழரை மணித்தியாலம். மிகுதி வரிசைகளில் நின்ற நேரம்.

அக்கா எனக்கு 13 வயது மூத்தவர். அப்போது அவருக்கு வயது 70. சிறுநீரகங்கள் செயலிழந்ததனால் வாரத்தில் மூன்று நாட்கள் வைத்தியசாலைக்குச் சென்று, ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்கிறார். இருதயமும் பலவீனம். நீண்ட விமானப் பயணம் இனி வேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே அக்காவைப் பார்க்க வேண்டுமானால் நாங்கள்தான் போக வேண்டும். அவர் இனி ஊருக்கு வரமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஆறு வாரங்களில் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.

கதைக்காததை எல்லாம் அவர் பெட்டியில் அடுக்கினார். 23 கிலோ வீதம் இரண்டு பொதிகள் கொண்டுவரலாம். போகும்போது அவற்றில் மிளகாய்த்தூள், ஒடியல்மா, புழுக்கொடியல், பனங்கட்டி, மோர்மிளகாய், பருத்தித்துறை வடை எனப் பலதையும் நிறைத்துச் சென்றிருந்தேன். திரும்பும்போது என்ன கொண்டுபோக வேண்டும் என்பதை அக்கா ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். ஒழுங்கைக் கோடியில் தையல் வேலை செய்பவருக்கு ஊசிப் பெட்டி. பக்கத்து வீட்டு ஆச்சிக்கு முழங்காலுக்குப் பூசும் தைலம். தனக்குப் படிப்பித்த ரீச்சருக்கு விற்றமின் குளிசைகள். ஊர்ப் பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில்களும் சொக்கிலேற்றும். தராசு 23 கிலோவைத் தாண்டியபோது அவரிடம் தீர்வு தயாராக இருந்தது.

“உன்ரை உடுப்பை வெளியிலை எடு. உனக்கு அங்கை உடுப்பு இருக்குத்தானே.”

எனது இரண்டு காற்சட்டைகளும் ஒரு சோடி சப்பாத்தும் இன்றும் ஸ்காபரோவில்தான் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் வீட்டைவிட்டுப் புறப்படும்போது எவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. ‘போட்டு வாறன்’ என்றே சொல்வார்கள். போவதைச் சொல்லும்போதே வருவதையும் சேர்த்துச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். கடைக்குப் போகிறவரும் அதைத்தான் சொல்வார், கடல் கடந்து போகிறவரும் அதைத்தான் சொல்வார். 1989 இல் அக்கா எங்கள் படலையில் நின்று அம்மாவிடம் அதைத்தான் சொன்னார். அன்று வியாழக்கிழமை அவருடைய வாசலில் நின்று நானும் அதையே சொன்னேன். “கவனமாப் போட்டு வா” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார். விமான நிலையத்துக்கு மருமகன்தான் காரில் கொண்டுபோய் விட்டார்.

கனடாவுக்குள் நுழையும்போது குடிவரவு அதிகாரி கேட்ட முதலாவது கேள்வி, எப்போது திரும்பிப் போவீர்கள் என்பதுதான். திரும்புவதற்கான விமானச் சீட்டையும் பார்த்தார். ஆனால் அந்த நாட்டை விட்டு வெளியேறும்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் குடியகல்வு மேசை எதுவும் கிடையாது. விமானக் கம்பனியின் கருமபீடத்தில் கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள், பின்னர் பாதுகாப்புச் சோதனை, அவ்வளவுதான். இலங்கையில் போகவும் முத்திரை, வரவும் முத்திரை. இந்த வித்தியாசம் எனக்குப் புதுமையாக இருந்தது.

இருக்கைக்கு முன்னால் உள்ள சிறிய திரையில் நான் சினிமா பார்ப்பதில்லை. விமானம் எங்கே செல்கிறது என்று காட்டும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். புறப்பட்டுச் சில மணித்தியாலங்களில் நியூபவுண்ட்லாந்தின் பெயர் திரையில் வந்தது. 1986 ஓகஸ்ட் 11 ஆம் திகதி அந்தத் தீவின் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். ஜேர்மனியிலிருந்து சரக்குக் கப்பலில் கொண்டுவந்து நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். இன்று கனடாவில் வாழும் பெரும் தமிழ்ச் சமூகத்தின் கதையைச் சொல்பவர்கள் அந்தப் படகுகளைக் கட்டாயம் குறிப்பிடுவார்கள். அந்தக் கடலை நாங்கள் கோழிக்கறியும் சோறும் சாப்பிட்டுக்கொண்டு கடந்தோம்.

கிழக்கு நோக்கிய பயணத்தில் விமானத்துக்கு ஒரு வசதி உண்டு. உயர வானில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று ஓடுகிறது. சில வேளைகளில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் மேல். அந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதனால், போகும்போது ஏறத்தாழ 14 மணித்தியாலம் எடுத்த அதே தூரத்தை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைவாகவே கடந்துவிட்டோம். ஆனால் உடலுக்கு இதே திசைதான் கடினமானது. மனிதனின் உள்மணிக்கூடு 24 மணித்தியாலத்தை விடச் சற்று நீளமானது என்பதனால், மேற்கே போய் நாளை நீட்டுவதை அது பொறுத்துக்கொள்ளும். கிழக்கே வந்து நாளைச் சுருக்குவதை அவ்வளவு இலகுவில் ஏற்றுக்கொள்ளாது. ஊருக்கு வந்து ஒரு வாரம் கடந்த பின்னரும் அதிகாலை 2 மணிக்கு எனக்குப் பசித்தது.

விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளேயுள்ள காற்றழுத்தம் 6,000 அடிக்கும் 8,000 அடிக்கும் இடைப்பட்ட ஒரு மலையில் இருப்பதைப் போன்றதே. நுவரெலியா நகரின் உயரம் 6,128 அடி. அதாவது 300 பேருக்கு மேற்பட்டவர்கள் நுவரெலியாவில் ஓர் அறைக்குள் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் அடைபட்டிருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். ஆனால் நுவரெலியாவின் ஈரம் மட்டும் இல்லை. காற்றின் ஈரப்பதன் 20 வீதத்துக்கும் கீழே. உதடு வெடிக்கும், தொண்டை காயும். அடிக்கடி தண்ணீர் குடித்து, எழுந்து நடந்துவர வேண்டும். இல்லையேல் காலில் இரத்தம் உறைந்துவிடும் அபாயம் உண்டு. நான் நடந்தேன். விளக்குகள் அணைக்கப்பட்டு, எல்லோரும் கம்பளிக்குள் முடங்கிக் கிடந்தபோது, நடந்துகொண்டே அம்மாவை நினைத்தேன்.

1990 இல் நான் யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் சேர்ந்தபோது எனக்குத் தரப்பட்ட முதலாவது வேலை மரண அறிவித்தல்களை ஒப்புநோக்குவது. பெயர்களில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் மறுநாள் காலை உறவினர்கள் காரியாலய வாசலில் நிற்பார்கள். அந்தப் பக்கத்தில்தான் எங்கள் சமூகம் கலைந்துபோவதை நான் முதலில் கண்டேன். ‘அன்புத் தாயாரும்’ என்பதற்கு முன்னால் வரும் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிகள் பெருகத் தொடங்கின: கனடா, நோர்வே, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ். மரணச் சடங்குக்கு வர இயலாதவர்களின் முகவரிகள் அவை.

1993 இல் எங்கள் அம்மாவின் அறிவித்தலை நானே எழுதி, நானே ஒப்புநோக்கினேன். அதில் மூன்று அடைப்புக்குறிகள் இருந்தன. எனது பெயருக்கு மட்டும் இல்லை.

அந்தக் காலத்தை இளையவர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டுவிட்டது. வெளியே போகிறவர்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்தார்கள். அந்த நீரில் உயிரிழந்தவர்கள் பலர். அப்படிப் போன ஒருவரிடம் நான் கொடுத்துவிட்ட கடிதம் கொழும்பிலிருந்த நண்பருக்குக் கிடைத்து, அவர் ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னபோது அம்மா இறந்து 17 நாட்கள் ஆகிவிட்டன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்னர் செய்தி கிடைத்ததே என்பதுதான் அக்காவுக்கு இருந்த ஒரேயொரு ஆறுதல். அன்று அங்கே விரதமிருந்து சமைத்துப் படைத்தார்.

முன்னரே தெரிந்திருந்தாலும் அவரால் வந்திருக்க இயலாது. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்குக் கனடா வழங்கும் பயண ஆவணம், தப்பியோடிவந்த சொந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. உலகத்தில் எங்கும் போகலாம், வீட்டுக்கு மட்டும் போக இயலாது. ‘போட்டு வாறன்’ என்ற சொல்லை நம்பி நான்கு வருடங்கள் படலையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு இந்தச் சட்டம் தெரியாது. நானும் சொல்லவில்லை.

டுபாயில் இறங்கியபோது வெள்ளிக்கிழமை முற்பகல். அடுத்த விமானம் இரவு 9.30 மணிக்கு. பெரிய விமான நிலையங்களுக்குள் காலை, மாலை என்பதே இல்லை. எந்நேரமும் ஒரே வெளிச்சம், ஒரே வாசனைத் திரவியக் கடைகள். ஆனால் கொழும்பு விமானத்துக்கான வாயிலை நெருங்கியதும் காட்சி மாறியது. ரொறன்ரோவிலிருந்து என்னோடு வந்தவர்களில் பெரும்பாலானோர் விடுமுறைக்குப் போகிறவர்கள். இங்கு நின்றவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள். கட்டடத் தொழிலாளர்கள், சாரதிகள், வீட்டுப் பணிப்பெண்கள். சிங்களமும் தமிழும் ஒரே வரிசையில் ஒலித்தன.

எனது பக்கத்து இருக்கையில் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த ஒரு பெண். வீட்டு வேலைக்குப் போய் இரண்டரை வருடங்களின் பின்னர் திரும்புகிறார். வரைபடத்தில் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று காட்டும்படி கேட்டார். காட்டினேன். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மீண்டும் கேட்டார்.

“நான் போகக்குள்ள புள்ளைக்கு மூணு வயசு ஐயா. இப்ப போன்ல நல்லாக் கதைக்கும். நேர்ல கண்டா வருமோ தெரியா.”

நிச்சயம் வரும் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல இயலும்? அவர் அந்த இரவு ஒரு கணமும் கண் மூடவில்லை. சாப்பாட்டுத் தட்டில் வந்த சிறிய சொக்கிலேற்றைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் என்னுடையதையும் கொடுத்தேன்.

சனிக்கிழமை அதிகாலை 3.30 மணிக்குக் கட்டுநாயக்காவில் இறங்கினோம். எனது பயணத்தின் இரு முனைகளிலும் இருந்தவை இரண்டு பிரதமர்களின் பெயர்கள். ரொறன்ரோ விமான நிலையம் லெஸ்டர் பியர்சனின் பெயரைக் கொண்டது. கட்டுநாயக்கா எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின் பெயரைக் கொண்டது. 1957 இல் பியர்சன் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அதே 1957 இல் பண்டாரநாயக்கா, தந்தை செல்வாவுடன் ஒப்பந்தம் ஒன்றில் கைச்சாத்திட்டார். அடுத்த வருடமே அதைக் கைவிட்டார். பியர்சன் பிரதமரானதும் 1963 இல் இருமொழிகள் பற்றி ஆராய ஆணைக்குழு அமைத்தார். 1969 இல் ஆங்கிலமும் பிரெஞ்சும் அங்கே உத்தியோகபூர்வ மொழிகளாகின. இங்கு 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. ஒரு விமான நிலையத்திலிருந்து மற்ற விமான நிலையத்துக்கு அக்கா ஏன் போனார் என்று எவராவது என்னிடம் கேட்டால், இந்தத் திகதிகளிலிருந்துதான் பதிலைத் தொடங்குவேன்.

வெளிநாட்டு விமான நிலையங்களின் தீர்வையற்ற கடைகளில் வாசனைத் திரவியமும் மதுவும் விற்பார்கள். கட்டுநாயக்காவின் வருகை மண்டபத்தில் சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் விற்கிறார்கள். மத்திய கிழக்கிலிருந்து உழைத்துத் திரும்புகிறவர்களின் கனவுகள் அங்கே வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எனது பொதிகளுக்காகக் காத்திருந்தபோது பக்கத்து இருக்கைப் பெண் ஒரு சலவை இயந்திரத்துக்கு முன்னால் நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது சனக்கூட்டத்தில் அவரைத் தவறவிட்டுவிட்டேன். பிள்ளை வந்து கட்டிப்பிடித்ததா என்பதை நான் காணவில்லை.

வாடகை வான் 5 மணிக்குப் புறப்பட்டது. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி. விடிந்து வெயில் ஏறியபோது வவுனியாவைக் கடந்து ஏ9 வீதியில் போய்க்கொண்டிருந்தோம். ஓமந்தை, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன். சாரதி இருபத்தைந்து வயதுப் பையன். முகமாலையில் ஒரு காலத்தில் கடவுச்சீட்டுப் பார்ப்பதைப் போல அடையாள அட்டை பார்த்து, பொதிகளை அவிழ்த்துக் கொட்டிச் சோதித்த கதையைச் சொன்னபோது, அவன் மரியாதைக்காக “அப்பிடியோ ஐயா” என்றான். அவனுக்கு அது ஒரு வீதி. அவ்வளவுதான். அது நல்லதுதான்.

இந்த வீதி 2002 ஏப்ரலில் சமாதான காலத்தில் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த பின்னரே மறுபடியும் வழமைக்குத் திரும்பியது. கனடியப் பிரசையாகிவிட்ட அக்கா 2003 இல் ஒரு தடவையும் 2012 இல் ஒரு தடவையும் இதே வழியால் வந்தார். இரண்டு தடவையும் ஆனையிறவில் வாகனத்தை நிறுத்தச் சொல்லி, இறங்கி, கடனீரேரிக் காற்றில் கொஞ்ச நேரம் நின்றார். நான் அன்று அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லவில்லை. யன்னலை மட்டும் திறந்துவிட்டேன்.

வரும் வழியெல்லாம் எனது மனதில் ஓடியது ஒன்றுதான். அக்காவுக்கு உடலில் பலம் இருந்த காலத்தில் பாதை மூடியிருந்தது. பாதை திறந்திருக்கும் காலத்தில் உடல் இடங்கொடுக்கவில்லை. புலம்பெயர்ந்தவர்கள் எதை இழந்தார்கள் என்று கூட்டங்களில் கேட்டால் மண், மொழி, பண்பாடு என்று பேசுவார்கள். என்னைக் கேட்டால், வேண்டிய நேரத்தில் திரும்பி வருகின்ற வசதியையே அவர்கள் முதலில் இழந்தார்கள் என்பேன். நான் மூன்றில் ஒரு பங்கு வசதியான ஆசனத்தில் முடங்கி, கால் வீங்கி, தூக்கம் கெட்டு வந்த இந்த 41 மணித்தியாலம் எவ்வளவு பெரிய பேறு என்பது எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது. அம்மாவின் அறிவித்தலில் அடைப்புக்குறிக்குள் இருந்த எவருக்கும் 1993 இல் அது கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டிகளை விறாந்தையில் இறக்கியபோது மணி 12.30. ரொறன்ரோவில் அப்போது அதிகாலை 3 மணி. அக்கா தூங்கட்டும், மாலையில் எடுக்கலாம் என்று எண்ணிக்கொண்டு முகம் கழுவப் போனேன். தொலைபேசி ஒலித்தது.

“வீட்டை வந்திட்டியோ?”

“இப்பதான் அக்கா. நீங்கள் படுக்கேல்லையோ?”

“நித்திரை வரேல்லை. கிணத்திலை தண்ணி நிக்குதோ?”

மாரி மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. செப்டெம்பரில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் நன்றாக வற்றிப்போயிருக்கும். தொலைபேசியுடன் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அடியில் வெயில் பட்டுத் தண்ணீர் மின்னியது. வாளி தாழும் அளவுக்கு இருந்தது. அப்படியே சொன்னேன்.

“அப்ப சரி. ரீச்சரின்ரை குளிசையை நாளைக்கே கொண்டுபோய்க் குடு” என்று சொல்லிவிட்டு அக்கா தொலைபேசியை வைத்தார்.